400 ரூபாயில் மூன்று நாள் சாறு விரதம்

பொங்கல் கழிந்த மறுவாரம், வெள்ளி, சனி, ஞாயிறு ஆகிய மூன்று நாள்களும் சோறு, இட்லி, தோசை எதையும் தொடாமல், வீட்டிலேயே பிழிந்த காய்கறிச் சாறும் பழச்சாறும் மோரும் மட்டும் குடித்து இருந்தேன். இதற்கு ஆன மொத்தச் செலவு 400 ரூபாய். என்னுடன் பணியாற்றும் தோழி ஒருவர், இதே மூன்று நாள் திட்டத்தைப் புட்டிகளில் அடைத்து வீட்டு வாசலில் கொண்டுவந்து தரும் ஒரு கடைக்கு 3,000 ரூபாய் கொடுத்தார். வாடகையும் மகனின் கல்லூரிக் கட்டணமும் போக மிஞ்சுவதை வைத்துக் குடும்பம் நடத்தும் எங்களுக்கு அந்தத் தொகை ஏறக்குறைய ஒரு மாதக் காய்கறிச் செலவு. அதனால்தான் இதை வீட்டிலேயே செய்து பார்க்க முடிவு செய்தேன். செய்தபோது கண்டதை ஒளிவு மறைவின்றி இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சாறு குடித்தால் உடலில் உள்ள நச்சுகள் எல்லாம் கழுவப்பட்டு வெளியேறிவிடும் என்று விளம்பரங்கள் சொல்வதை நான் நம்பவில்லை. கழிவை அகற்றும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகங்களும் நாம் கேட்காமலேயே இரவு பகலாகச் செய்துகொண்டிருக்கின்றன. சிறுநீரகங்கள் இரண்டும் சேர்ந்து ஒரு நாளில் ஏறத்தாழ 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடித்து, அதில் பெரும்பகுதியைத் திரும்ப உடலுக்கே கொடுத்துவிட்டு, ஒன்றரை இரண்டு லிட்டரை மட்டும் சிறுநீராக வெளியேற்றுகின்றன. பூசணிச் சாறு அந்த வேலைக்கு மாற்றாகாது. பிறகு ஏன் இருந்தேன் என்றால், தீபாவளியில் தொடங்கிப் பொங்கல் வரை பலகாரமும், மாலையில் பஜ்ஜியும், நாளுக்கு ஐந்து வேளை சர்க்கரை போட்ட காப்பியுமாக என் வாய் ஒரு பழக்கத்துக்கு அடிமையாகியிருந்தது. அதை ஒரேயடியாக நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. ஆண்டுதோறும் கந்த சஷ்டிக்கு ஆறு நாள்கள் பாலும் பழமும் மட்டும் எடுத்துக்கொள்ளும் என் மாமியார், நான் விளக்கியதைக் கேட்டுவிட்டு, "இதுக்குப் பேரு விரதம்தாம்மா, புதுப் பேரு எதுக்கு?" என்றார். அவர் சொன்ன பெயரே பொருத்தமானது என்பதால் தலைப்பிலும் அதையே வைத்திருக்கிறேன்.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கெல்லாம் அண்ணா நகர் உழவர் சந்தைக்குப் போய்விட்டேன். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999ஆம் ஆண்டு நவம்பர் மாதம் மதுரையில் இங்கேதான் தொடங்கப்பட்டது. அன்றன்றைய விலையைப் பலகையில் எழுதி வைத்துவிடுவதால் பேரம் பேசும் தொல்லை இல்லை. காலையில் பறித்த கீரையின் ஈரம் கூடக் காய்ந்திருக்காது. மூன்று கிலோ எடையில் ஒரு வெண்பூசணி 75 ரூபாய், ஒன்றரைக் கிலோ கேரட் 60, அரைக் கிலோ பீட்ரூட் 20, ஒரு கிலோ வெள்ளரிக்காய் 30, அரைக் கிலோ நெல்லிக்காய் 35, ஒரு வாழைத்தண்டு 20, பத்து எலுமிச்சம்பழம் 40, புதினாவும் கொத்தமல்லியுமாகச் சில கட்டுகள் 30, இஞ்சி 10, ஒரு பப்பாளி 40 என்று 360 ரூபாயில் பை நிறைந்தது. கறிவேப்பிலையைக் கொசுறாகவே போட்டுவிட்டார்கள். மோருக்கான தயிருக்கு 40 ரூபாய். தை மாதம் நெல்லிக்காயும் கேரட்டும் மலிவாகக் கிடைக்கும் காலம் என்பதும் இந்தக் கணக்குக்குக் கைகொடுத்தது. ஆப்பிள், மாதுளை, கிவி ஆகியவற்றின் பக்கம் நான் திரும்பவே இல்லை. சாறு விரதத்தின் செலவு ஏறுவது பெரும்பாலும் இத்தகைய பழங்களால்தான். இனிப்பும் அவற்றால்தான் ஏறுகிறது.

சாறு பிழிவதற்கென்று தனி இயந்திரம் எதுவும் என்னிடம் இல்லை. பதினோரு ஆண்டுகளாக உழைக்கும் மிக்ஸியும், கொதிநீரில் போட்டு அலசி வெயிலில் காயவைத்த பழைய வேட்டித் துணி ஒன்றுமே போதுமானவையாக இருந்தன. வெண்பூசணியின் தோலையும் விதையையும் நீக்கித் துண்டுகளாக்கினால், தண்ணீர் ஒரு சொட்டுகூட ஊற்றாமல் அரைபடும், ஏனென்றால் அந்தக் காயில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல் நீர்தான். கேரட்டும் பீட்ரூட்டும் அப்படியல்ல. பொடியாக நறுக்கிக் கொஞ்சம் தண்ணீர் விட்டு, மிக்ஸியை விட்டு விட்டு ஓட்ட வேண்டும். ஒரே மூச்சில் ஓட்டினால் ஜாரும் சூடாகிறது, நுரையும் பொங்குகிறது. வாழைத்தண்டை வட்டமாக அரியும்போதே விரலில் நாரைச் சுற்றிச் சுற்றி எடுத்துவிட்டு, கறுக்காமல் இருக்க உடனே மோர் கலந்த நீரில் போட்டுவிட வேண்டும். நெல்லிக்காயைத் தனியாகப் பிழிந்து குடிக்க என்னால் முடியவில்லை. நான்கு காய், ஒரு கைப்பிடி கறிவேப்பிலை, சிறு துண்டு இஞ்சி, வெள்ளரிக்காய் பாதி, கல்லுப்பு இரண்டு கல் என்று சேர்த்து அரைத்தபோதுதான் துவர்ப்பு அடங்கி, தொண்டையில் இறங்கிய பிறகு ஓர் இனிப்பு எழுந்தது. மூன்று நாள்களிலும் எனக்கு மிகவும் பிடித்தது அந்தச் சாறுதான்.

எதையும் முன்கூட்டியே பிழிந்து குளிர்பெட்டியில் அடுக்கி வைக்கவில்லை. காய்ச்சாத சாற்றில் கிருமிகள் எளிதில் பெருகும் என்பதால், அவ்வப்போது அரைத்து அப்போதே குடித்தேன். காய்களை நறுக்குவதற்கு முன்பு ஓடும் நீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவுவதிலும் சோம்பல் கூடாது.

சுரைக்காயை வேண்டுமென்றே தவிர்த்தேன். எடை குறைய வேண்டும் என்று பலர் பச்சைச் சுரைக்காய்ச் சாற்றைக் குடிக்கிறார்கள். சில காய்கள் வெளியில் பார்க்க வேறுபாடு தெரியாமலேயே உள்ளே கசக்கும். அந்தக் கசப்புக்குக் காரணமான குக்குர்பிட்டாசின் என்னும் பொருள் கடும் வாந்தியையும் இரத்தப்போக்கையும், சிலருக்கு மரணத்தையும் உண்டாக்கியிருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இதற்காகவே நிபுணர் குழு ஒன்றை அமைத்து, கசக்கும் சாற்றைக் குடிக்கவே கூடாது என்று அறிவுறுத்தியது. வெள்ளரிக்காயும் அதே குடும்பம் என்பதால், ஒவ்வொரு காயிலும் ஒரு துண்டைக் கடித்துப் பார்த்த பிறகே மிக்ஸியில் போட்டேன். கசப்பை மறைக்கத் தேன் ஊற்றிக் குடிப்பது மிகவும் ஆபத்தான செயல். அதைப் போலவே, பச்சைப் பசலைக்கீரையையும் பீட்ரூட்டையும் நாள்தோறும் லிட்டர் கணக்கில் பிழிந்து குடிப்பதும் நல்லதல்ல. அவற்றில் உள்ள ஆக்சலேட் சிறுநீரகத்தில் படியக்கூடியது. நான் பீட்ரூட்டை ஒரு வேளைக்கு ஒரு சிறு துண்டு என்ற அளவில் நிறுத்திக்கொண்டேன். அந்தத் துண்டுக்கே மறுநாள் காலை சிறுநீர் இளஞ்சிவப்பாக இருந்ததைப் பார்த்து ஒரு கணம் பதறிப்போனேன். அது பீட்ரூட்டின் நிறம்தான், கேடொன்றும் இல்லை.

நான் எடுத்துக்கொண்ட முறை இது: காலை ஆறரை மணிக்கு வெதுவெதுப்பான நீரில் எலுமிச்சை, எட்டரைக்குப் பூசணிச் சாறு, பதினொன்றுக்கு இஞ்சி சேர்த்த கேரட்டும் பீட்ரூட்டும், மதியம் உப்பும் கறிவேப்பிலையும் போட்ட மோர் இரண்டு டம்ளர், நான்கு மணிக்குப் புதினாவும் வெள்ளரியும், ஆறரைக்கு நெல்லிச் சாறு, இரவு எட்டு மணிக்கு வடிகட்டாமல் அரைத்த பப்பாளி அல்லது வாழைத்தண்டு மோர். காய்கறிச் சாற்றில் பொட்டாசியம் நிறைய உண்டு, உப்புச் சத்து மிகக் குறைவு என்பதால் மோரில் உப்புப் போடுவதை விடவில்லை. கேரட் சாற்றை நாளுக்கு ஒரு முறைக்கு மேல் குடிக்காததற்கும் காரணம் உண்டு: அரைக் கிலோ கேரட்டிலேயே 20 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. நாரை வடித்துவிட்ட பழச்சாற்றின் சர்க்கரையை, நாம் கரண்டியால் அள்ளிப் போடும் சர்க்கரையோடு சேர்த்தே உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது.

முதல் நாள் பெரிதாக எதுவும் தெரியவில்லை. மாலை நான்கு மணிக்குத் தெருமுனைக் கடையின் வாழைக்காய் பஜ்ஜி வாசனை வந்தபோது மட்டும் மனம் தடுமாறியது. இரண்டாம் நாள் பகலில் நெற்றிப் பொட்டு இரண்டும் தெறிக்கும்படி தலைவலி வந்தது. இணையத்தில் இதைப் பற்றிப் படித்தால், நச்சு வெளியேறுவதன் அறிகுறி இது, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கு அது உண்மையில்லை என்று பட்டது. நாளுக்கு ஐந்து வேளை குடித்துக்கொண்டிருந்த காப்பியை அப்படியே நிறுத்தினால், ஒரு நாளுக்குள் தலைவலி தொடங்கி இரண்டாம் நாளில் உச்சத்துக்குப் போவது காஃபீனின் இயல்பு. சோதித்துப் பார்க்கலாம் என்று சர்க்கரை இல்லாமல் அரை டம்ளர் காப்பி குடித்தேன். அரை மணி நேரத்தில் தலைவலி இருந்த இடம் தெரியவில்லை. விரதம் கெட்டது என்று சிலர் சொல்லக்கூடும். உடல் சொல்வதைத் தவறாக மொழிபெயர்த்துக்கொண்டு வலியைப் புண்ணியமாகக் கருதுவதைவிட அந்த அரை டம்ளர் காப்பி மேலானது என்றே நான் உறுதியாக நினைக்கிறேன். அடுத்த முறை இருப்பதாக இருந்தால், ஒரு வாரம் முன்பிருந்தே காப்பியை வேளைக்கு வேளை குறைத்துக்கொண்டு வருவேன்.

என் கணவருக்கு ஏழு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. முதல் நாள் நான் தெம்பாக இருந்ததைப் பார்த்து, "நானும் உன்கூட ரெண்டு நாள் இருக்கேனே" என்றார். "வேண்டாங்க, மாத்திரையைப் போட்டுட்டுச் சாப்பிடாம இருந்தா சர்க்கரை திடீர்னு இறங்கிடும். டாக்டரைக் கேக்காம நீங்க இதுல இறங்கக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், வளரும் பிள்ளைகள், உணவைக் குறித்த அச்சத்தோடு போராடிக்கொண்டிருப்பவர்கள் ஆகிய எவரும் இதைச் செய்யக் கூடாது. சிறுநீரகம் நலிந்தவருக்குக் காய்கறிச் சாற்றின் பொட்டாசியமே இதயத்துக்கு ஆபத்தாக முடியலாம். நலமாக இருப்பவர்களும் மூன்று நாளைத் தாண்டக் கூடாது என்பது என் கருத்து. ஒரு கிலோ உடல் எடைக்கு 0.83 கிராம் என்ற அளவில் பார்த்தால், 60 கிலோ எடையுள்ள எனக்கு நாளுக்கு 50 கிராம் புரதம் வேண்டும். நான் குடித்த சாறுகளும் மோரும் அதில் பாதியைக்கூடத் தந்திருக்காது.

எல்லாவற்றையும்விட என் மனத்தை உறுத்தியது சக்கைதான். முதல் நாள் காலை கேரட்டைப் பிழிந்து முடித்துத் துணியை விரித்தபோது, காசு கொடுத்து வாங்கியதில் பாதி அங்கே ஆரஞ்சு நிறக் குவியலாகக் கிடந்தது. வயிற்றை நிறைப்பதும், மலச்சிக்கலைப் போக்குவதும், சர்க்கரை இரத்தத்தில் மெல்ல ஏறும்படி செய்வதும் அந்த நார்தான். புட்டியில் வாங்குவோர் இந்தக் குவியலைக் கண்ணால் பார்ப்பதே இல்லை. எனக்கு அதைக் குப்பையில் கொட்ட மனம் வரவில்லை. கேரட், பீட்ரூட் சக்கையை அன்றைய அடை மாவில் கலந்து மகனுக்கும் கணவருக்கும் வார்த்துக் கொடுத்தேன். பீட்ரூட் கொஞ்சம் சப்பாத்தி மாவிலும் போயிற்று. புதினா, கொத்தமல்லிச் சக்கையை உளுத்தம்பருப்பு, மிளகாய், புளியோடு வதக்கித் துவையலாக அரைத்தேன். நெல்லிக்காய்ச் சக்கை நல்லெண்ணெயில் சுருண்டு ஒரு கிண்ணம் தொக்கு ஆயிற்று. பூசணிச் சக்கையை மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றபோது, என் மாமியார் அதை வாங்கிக்கொண்டு, உளுந்து ஊறவைத்து அரைத்து, பச்சை மிளகாயும் பெருங்காயமும் சேர்த்து மாடியில் வடகம் கிள்ளி வைத்துவிட்டார். தை மாத வெயிலில் நான்கு நாளில் கலகலவென்று காய்ந்துவிட்டது. வாழைத்தண்டு நார் மட்டும் செடித்தொட்டிக்குப் போயிற்று. மூன்று நாளும் வீட்டில் இருந்த மற்ற மூவருக்கும் வேறு காய் வாங்கவே இல்லை என்பதைக் கணக்கில் சேர்த்தால், என் விரதத்தின் உண்மையான செலவு 400 ரூபாயைவிடக் குறைவு.

நான்காம் நாள் காலை எடை பார்த்தபோது 1.6 கிலோ குறைந்திருந்தது. மகிழ்ந்துபோய்த் தோழியிடம் சொன்னேன். ஒரே வாரத்தில் அதில் 1.3 கிலோ திரும்பி வந்துவிட்டது. கல்லீரலும் தசைகளும் சேமித்து வைத்திருக்கும் கிளைக்கோஜன், ஒரு கிராமுக்கு ஏறத்தாழ மூன்று கிராம் நீரைத் தன்னோடு பிடித்து வைத்திருக்கிறது. உணவு குறையும்போது அது செலவாகி, நீரும் வெளியேறிவிடுகிறது. சோறு உண்ணத் தொடங்கியதும் இரண்டும் திரும்பி வருகின்றன. என் தோழிக்கும் இதேதான் நடந்திருந்தது. எடைக்காக மட்டும் இதைச் செய்ய நினைப்பவர்கள் இதை அறிந்துகொண்டு தொடங்குவது நல்லது.

அன்று காலை விரதத்தை முடித்தபோது நேராக இட்லிக்குப் போகாமல், பாசிப்பருப்பும் அரிசியும் குழைய வேகவைத்த கஞ்சியில் சீரகமும் உப்பும் மட்டும் போட்டு ஒரு கிண்ணம் குடித்தேன். இத்தனை நாள் கவனிக்காத அரிசியின் இனிப்பு நாக்கில் தெரிந்தது. மாலைக் காப்பியில் வழக்கம்போல் இரண்டு கரண்டி சர்க்கரை போட்டபோது திகட்டியது. அரைக் கரண்டியாகக் குறைத்தேன், இன்று வரை அதே அளவில்தான் குடிக்கிறேன். மூன்று நாள் முழு விரதம் இனி எனக்குத் தேவைப்படாது என்று நினைக்கிறேன். சனிக்கிழமை இரவுகளில் மட்டும் பலகாரத்துக்குப் பதிலாக, வடிகட்டாத நெல்லி வெள்ளரிச் சாறும் ஒரு கிண்ணம் சுண்டலும் எடுத்துக்கொள்கிறேன். அதற்கு ஆகும் செலவு 20 ரூபாய். கோடை வந்து நெல்லி விலை ஏறிவிட்டால், அதன் இடத்தில் மோரில் அரைத்த வாழைத்தண்டு வரும்.