அரக்குத் தட்டு

இன்று காலை, புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையில் பழைய பித்தளைச் சாமான்களுக்கு நடுவே ஒரு இசைத்தட்டு.

"பார்த்து தம்பி, கீழ விழுந்தா அப்பளம் மாதிரி நொறுங்கிடும்" என்றார் கடைக்கார அண்ணன்.

வெயிலில் சாய்த்துப் பார்த்தேன். ஓரத்திலிருந்து நடுவரை ஒரே ஒரு பள்ளம்தான், சுருண்டு சுருண்டு போகிறது. அதன் நெளிவுதான் குரல்.

நிமிடத்துக்கு 78 சுற்று. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம். அதற்குள் ஒரு ராகத்தை அடக்கியிருக்கிறார்கள்!

1925 வரை மைக் இல்லாமல்தான் பதிவு. பெரிய குழாயின் வாயருகே நின்று பாட, அந்த அதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் கோடு கீறும். மெழுகிலிருந்து உலோக அச்சு, அப்புறம் சூடான அரக்குக் கலவையில் தட்டு.

அரக்கு! மரக்கிளையில் பூச்சி கசியவிடும் பிசின்.

லேபிள் அழிந்துவிட்டது. யார் குரலோ. துணியில் சுற்றி வாங்கி வந்துவிட்டேன். கிராமபோன் யாரிடமாவது இருக்கிறதா?