அம்மாவுக்குக் காட்ட வேண்டிய மாதா

அடுத்த செப்டெம்பரில் அம்மா விசிற் விசாவில் ஜேர்மனிக்கு வருகிறார். விடுமுறைக்கு மன்னாரில் எங்கள் ஊரான அடம்பனுக்கு வந்த நான், விறாந்தையில் இருந்து அவரோடு பயணத் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறேன். எது தவறினாலும் கொலோன் பேராலயம் தவறக்கூடாது.

நான் போன முதல் குளிர்காலம். அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரவில்லை. கொலோன் ரயில் நிலையத்தைவிட்டு வெளியே வந்து நிமிர்ந்தால், கறுத்துப்போன கல்லில் இரட்டைக் கோபுரம், 157 மீற்றர். குளிர்காற்றுக்கு ஒதுங்கத்தான் உள்ளே போனேன். வடக்குப் பக்கத்தில் ஒரு மாதா சொரூபம். நேர்த்திக்குக் கொடுத்த சங்கிலிகளும் மோதிரங்களும் சிலுவைகளும் உடுப்பு முழுவதும் தொங்கின. முன்னால் வரிசை வரிசையாக மெழுகுதிரிகள். அந்த நாட்டில் தெரிந்த ஒருவரை நான் கண்டது அன்றுதான்.

அதனால் முதலில் மாதாவிடம், பிறகுதான் மற்றதெல்லாம். தெற்குக் கோபுரத்தில் ஏற 533 படிகள், லிப்ட் கிடையாது. அம்மாவின் முழங்காலுக்கு அது வேண்டவே வேண்டாம். பூசை நேரத்தில் சுற்றிப்பார்க்க விடமாட்டார்கள் என்பதால், வார நாளில் பூசை முடிந்தபின் போவோம்.

1248இல் கட்டத் தொடங்கி 1880இல்தான் முடித்தார்கள் என்று சொன்னேன். அம்மா அதைப் பெரிதாக எடுக்கவில்லை. "சண்டை நேரம் அதற்கு ஒன்றும் நடக்கவில்லையா?" என்றுதான் கேட்டார். தொண்ணூறுகளில் எங்களையும் கூட்டிக்கொண்டு மடுக் கோயில் வளவில் தறப்பாள் கொட்டிலில் கிடந்தவர் வேறு என்ன கேட்பார்?

நடந்ததுதான். இரண்டாம் உலகப் போரில் பல குண்டுகள் விழுந்தன. 1943இல் வடக்குக் கோபுரத்தின் அடித்தூண் பிளந்தபோது, கோபுரம் சரியாமல் இருக்க அவசரமாகச் செங்கல் வைத்து அடைத்தார்கள். 2005இல்தான் அந்தச் செங்கலைக் கல்லால் மூடினார்கள். குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று இராசாக்களுடையவை என்று வணங்கும் எலும்புகளை, அந்தத் திருப்பண்டங்களை, 1794இல் பிரெஞ்சுப் படைக்குப் பயந்து வேறிடம் கொண்டுபோய், ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் கழித்தே திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

அம்மா கையிலிருந்த சுளகைக் கீழே வைத்தார். 2008 ஏப்ரலில் சண்டை நெருங்கியதால் மடு மாதாவின் சொரூபத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோன நாள் அவருக்கு இப்போதும் அழுகை வரும் நாள். "அங்கேயும் தூக்கிக்கொண்டு ஓடினார்களா, தம்பி?" என்றார். "ஓம் அம்மா" என்றேன். கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.

"அப்படியென்றால் அந்த இராசாக்களையும் கும்பிட வேண்டும்" என்று அவரே திட்டத்தைத் திருத்தினார். பெரிய பீடத்துக்குப் பின்னால் பொன்பேழையில் இருக்கிறார்கள், அதிக நடை இல்லை என்றேன். மெழுகுதிரி அங்கேயே வாங்கலாம் என்று சொன்னதை மட்டும் அவர் கேட்கவில்லை. ஆவணித் திருவிழாவுக்கு மடுவுக்குப் போய் அங்கிருந்து ஒரு கட்டு வாங்கி வருவாராம். பயணப் பெட்டியில் ஒடியல் மாவுக்கும் மிளகாய்த்தூளுக்கும் மேலே, நசியாமல், துவாயில் சுற்றி.