கொழுந்துக்கு 120

திரையில் ஓடும் வரிகளைப் பார்த்து, பதிவு இசைக்குப் பாடும் கரோக்கே மேடையில் பாடவே தெரியாதவர்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. திரையில் எழுத்து எப்படி ஓடினாலும் அவர்கள் தம் போக்கில் பாடி முடித்து, கைதட்டலும் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். கொஞ்சம் பாடத் தெரிந்தவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பல்லவி மனப்பாடம், முதல் சரணம் பாதி தெரியும், இரண்டாவது சரணத்துக்குத் திரையே கதி. இலங்கை மலையகத்தில் ஹட்டன், டிக்கோயா, கொட்டகலைப் பக்கத்துக் கல்யாண மண்டபங்களிலும் தோட்டத்துத் திருவிழாக்களிலும் மைக்கைப் பிடிப்பவர்களில் பெரும்பாலானோர் இந்த ரகம். நான் எழுத்துப் போடுவது இவர்களுக்காகத்தான்.

அதனால் வரியை எங்கே உடைப்பது என்பதைப் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்து முடிவு செய்வதில்லை. புத்தகம் எதுகை மோனைக்காக உடைக்கும். திரை மூச்சுக்காக உடைய வேண்டும். 1971இல் ஜப்பானின் கோபே நகரில் டைசுகே இனோவே செய்த கரோக்கே இயந்திரத்தில் திரையே கிடையாது. ஆட்கள் அச்சடித்த பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு பாடினார்கள். கையில் தாள் இருந்தால் கண் தன் விருப்பப்படி மேலும் கீழும் போய்வரலாம். திரையில் அந்தச் சுதந்திரம் இல்லை, நான் காட்டுவதுதான் காட்சி. எனவே எப்போதும் இரண்டு வரிகள் வைக்கிறேன். மேல் வரி பாடி முடிந்ததும் அதை அழித்து, அங்கே மூன்றாவது வரியை ஏற்றிவிடுவேன். கீழ் வரியைப் பாடும்போதே கண் ஒருமுறை மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடும். இரண்டையும் ஒன்றாக மாற்றினால் ஒவ்வொரு பக்கத்தின் முதல் சொல்லும் தொண்டையிலேயே நின்றுபோகும்.

வேலை செய்வது ஏஜிசப் என்ற இலவச மென்பொருளில். பாட்டை முதலில் வேவ் கோப்பாக மாற்றிக்கொள்ள வேண்டும். பிட்ரேட் (வினாடிக்கு எவ்வளவு தரவு என்பது) ஏறி இறங்கும் எம்பி3யை அப்படியே வைத்து நேரம் குறித்தால், பாட்டின் நடுவே தாவித் தாவிக் கேட்கும்போது குறித்த இடம் நகர்ந்திருக்கும். ஒவ்வொரு அசைக்கும் முன்னால் கே என்ற குறியும் ஓர் எண்ணும் வரும். அந்த எண் வினாடியில் நூறில் ஒரு பங்குக் கணக்கு. கே போட்டால் அசை சட்டென்று நிறம் மாறும். கேஎஃப் போட்டால் இடமிருந்து வலமாக நிறம் நிரம்பிக்கொண்டே போகும். வேகமான இடங்களுக்குக் கே, இழுவைக்குக் கேஎஃப் என்பது என் வழக்கம். மூன்று வினாடி இழுக்க வேண்டிய ஒரு 'ஆ' சட்டென்று மஞ்சளாகிவிட்டால், இன்னும் எவ்வளவு தூரம் பாக்கி என்று பாடுபவருக்கு எப்படித் தெரியும்?

'கொழுந்து' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். பாட்டில் அதற்குக் கிடைக்கும் நேரம் 1.2 வினாடி, அதாவது 120. பள்ளியில் படித்த மாத்திரைக் கணக்கு இங்கே நன்றாகவே கைகொடுக்கிறது. கொ ஒரு மாத்திரை, ழு ஒன்று, ந் அரை, கடைசித் து குற்றியலுகரம் என்பதால் அதுவும் அரை. மொத்தம் மூன்று. 120ஐப் பிரித்தால் கொ 40, ழுந் 60, து 20. இது வெறும் முதல் வரைவுதான். பாடகி 'ழு'வில் ஒரு சிறு கமகம் போட்டு நின்றால் 28, 84, 8 என்று மாற்ற வேண்டியிருக்கும். இருந்தாலும் ஒன்றுமில்லாததிலிருந்து தொடங்குவதைவிட மாத்திரையிலிருந்து தொடங்கினால் பாதி வேலை மிச்சம். அதற்கு மேல் நுணுக்கம் பார்ப்பதில் பயனில்லை. வினாடிக்கு 25 படம் ஓடும் காணொளியில் ஒரு படத்துக்கே 4 போய்விடும். 84ஐ 85 ஆக்குகிறேன் என்று இரவு முழுக்க உட்கார்ந்திருப்பவர்களைக் கண்டால் பாவமாக இருக்கிறது.

குற்றியலுகரம் இன்னோர் இடத்திலும் வேலை வைக்கும். புத்தகத்தில் 'நின்று அழைத்தான்' என்றிருக்கும், பாடகர் 'நின்றழைத்தான்' என்று பாடியிருப்பார். திரையில் பிரித்துப் போட்டால் படிப்பவர் 'று'வை முழுதாக உச்சரிப்பார், தாளம் அங்கேயே சறுக்கும். சேர்த்துத்தான் எழுதுகிறேன். தமிழ் வாத்தியார்களுக்கும் இதில் ஆட்சேபம் இல்லை.

இங்கே இன்னமும் பலர் பாட்டு வரிகளைப் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்துதான் அனுப்புகிறார்கள். பாமினியில் 'கொ' எழுத, கொம்பை முதலில் தட்டி, பிறகு க, பிறகு கால் என்று தனித்தனியாகப் போட வேண்டும். இன்றைய பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் க முதலில், கொம்பும் காலும் ஒரே குறியாக அதன் பின்னால். மாற்றிக்கொள்ளாமல் வேலையைத் தொடங்க முடியாது. மாற்றிய பிறகும் எழுத்தெழுத்தாகத் தானே பிரிக்கும் வசதிகளை நம்பக் கூடாது. தமிழ் தெரியாத நிரல் 'கொ'வை இரண்டாக வெட்டி, க தனியே நிற்க, கொம்பும் காலும் ஒரு புள்ளிவட்டத்தைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்கும். கையால் பிரிப்பதே நிம்மதி.

அடுத்தது கரைக்கோடு. எழுத்து பளிச்சென்று தெரிய வேண்டும் என்று சுற்றிலும் தடித்த கறுப்புக் கோடு போடுகிறார்கள். ஆங்கில எழுத்துக்கு அது பொருந்தும். தமிழில் முதல் பலி புள்ளிதான். கோடு தடிக்கத் தடிக்கப் புள்ளி உள்ளேயே அமுங்கி, தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு 'க்' என்பது 'க' ஆகிவிடும். நான் நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற எழுத்துருவின் தடித்த வடிவத்தை எடுத்து, மெல்லிய கரை வைத்து, பின்னால் கறுப்புப் பட்டை போடுகிறேன். மணமக்கள் படத்தையும் அருவியையும் பின்னணியில் கேட்பவர்களுக்கு இந்தப் பட்டை பிடிப்பதில்லை. படம் வேண்டுமா, பாட்டு வேண்டுமா என்று கேட்டுவிடுவேன். நிறத்திலும் ஒரு பொறி உண்டு: ஏஜிசப் கோப்பில் நிற எண்கள் நீலம், பச்சை, சிவப்பு என்று தலைகீழாக வரும். வழக்கமான வரிசையில் மஞ்சளுக்கு எழுதினால் வெளிர்நீலம் வந்து நிற்கும்.

நுவரெலியாவில் ஏப்ரல் வசந்த காலம் வந்தால் பைலா என்ற சிங்களத் துள்ளல் பாட்டுகளைக் கேட்பார்கள். இங்கே சிங்களம் காதால் தெரிந்தவர்கள் அதிகம், கண்ணால் தெரிந்தவர்கள் குறைவு. எனவே சிங்களப் பாட்டையும் தமிழ் எழுத்திலேயே போடுகிறேன். ஒரே 'ப' இரண்டு ஒலிக்கும் வேலை செய்தாலும் பாடுபவர் தானாகவே சரியாக உச்சரித்துவிடுவார். சிங்கள மொழிமூலம் படித்த பிள்ளைகளுக்காகத் தமிழ்ப் பாட்டைச் சிங்கள எழுத்தில் போட்டுத் தரும்படியும் கேட்கிறார்கள். அதையும் செய்கிறேன், அதில் ஒற்றுகளைப் பார்த்துக்கொள்வதுதான் பெரும்பாடு.

டிக்கோயாவிலிருந்து ஒரு பெரியவர், நல்ல பாடகர், நேரே வந்து கேட்டார்: "தம்பி, நீ போடுகிற எழுத்து எனக்கு முன்னால் ஓடுகிறது. அதைத் துரத்திப் பிடிக்கவா நான் மேடை ஏறினேன்?"

"எழுத்து ஓடவில்லை மாமா, உங்கள் ஸ்பீக்கர்தான் பின்னால் வருகிறது" என்றேன்.

அவர் வீட்டில் கைப்பேசியை புளூடூத் ஸ்பீக்கரில் இணைத்துப் பாடுகிறார். பல ஸ்பீக்கர்களில் ஒலி 0.2 வினாடி அளவுக்குப் பிந்தும். சில கைப்பேசிச் செயலிகள் படத்தையும் அதே அளவு தாமதித்துச் சரிசெய்துவிடும், சில செய்யாது. கம்பி போட்டுக் கேட்டதும் அவர் சமாதானமானார். ஆனாலும் கம்பி எல்லாரிடமும் இருப்பதில்லை என்பதால், புளூடூத்துக்கென்று எல்லா வரிகளையும் 20 பின்தள்ளிய பிரதி ஒன்றையும் சேர்த்தே கொடுக்கிறேன். மற்றபடி என் கோப்புகளில் எழுத்து குரலைவிட ஒரு நூலிழை முந்தியே இருக்கும், அது வேண்டுமென்றே செய்வது. கண் பார்த்து வாய் திறக்க நேரம் வேண்டுமல்லவா.

எழுத்தைக் காணொளியோடு பதித்தே கொடுக்க வேண்டும். தனிக் கோப்பாகக் கொடுத்தால் மண்டபத்துத் தொலைக்காட்சி தமிழைக் கட்டம் கட்டமாகக் காட்டும். பென் டிரைவில் கோப்பின் பெயருக்கும் அதே கதிதான் என்பதால் பெயர்களை எண்களாகவே வைக்கிறேன். எந்த எண் எந்தப் பாட்டு, எந்தச் சுருதி என்ற பட்டியலை அச்சடித்து ஒலிபெருக்கிக்காரரின் மேசையில் ஒட்டச் சொல்லிக் கூடவே அனுப்புகிறேன்.