பதினான்கு சதவீதம் யாருடையது: எர்லி டிசிஷன் குறித்து ஒரு மாணவிக்காகப் போட்ட கணக்கு

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, வேலந்தாவளம் போகும் சாலையிலிருந்து சற்று உள்ளே தென்னந்தோப்பு வைத்திருக்கும் விவசாயி ஒருவர், சென்ற செப்டம்பரில் தம் மகளை அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் அரசுப் பள்ளியில் படித்து, இப்போது ஆங்கில வழியில் ப்ளஸ் டூ படிக்கும் அந்தப் பெண்ணுக்கு அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் நில அறிவியல் படிக்க வேண்டும் என்பது விருப்பம். நவம்பர் 1-ஆம் தேதிக்குள் 'எர்லி டிசிஷன்' முறையில், அதாவது இடம் கிடைத்தால் அங்கேயே சேர்வேன் என்ற ஒப்பந்தத்தோடு முன்கூட்டியே விண்ணப்பித்தால், நூற்றுக்குப் பதினான்கு பேருக்கு இடம் கிடைக்கிறது, வழக்கமான சுற்றில் நான்கு பேருக்குத்தான், ஆகவே வாய்ப்பு மூன்று மடங்கு கூடும் என்று கோவையில் ஓர் ஆலோசகர் சொல்லியிருந்தார். முப்பது ஆண்டுகள் கணக்குப் பாடம் நடத்தியவன் என்பதால் அதைச் சரிபார்த்துச் சொல்லும்படி என்னிடம் கேட்டார்கள். "சாருங்க, பதினாலுங்கறது நாலைவிட மூணு மடங்குக்கு மேலதானுங்களே?" என்றார் தந்தை. வகுத்தல் சரிதான். ஆனால் அந்தப் பதினான்கு யாருடைய பதினான்கு என்று பார்க்க எனக்கு ஒரு வாரம் தேவைப்பட்டது.

முதலில் எண்களைச் சொல்லிவிடுகிறேன். 2024-இல் சேர்ந்த வகுப்புக்குப் பிரவுனில் மொத்தம் 48,881 பேர் விண்ணப்பித்தார்கள், 2,521 பேருக்கு இடம் கிடைத்தது. இவர்களில் எர்லி டிசிஷனில் விண்ணப்பித்தவர்கள் 6,244 பேர், இடம் பெற்றவர்கள் 898 பேர். அது நூற்றுக்கு 14.4. மீதியைக் கழித்துப் பார்த்தால் வழக்கமான சுற்றில் நூற்றுக்கு 3.8 வருகிறது. அடுத்த ஆண்டு எர்லி டிசிஷன் விகிதம் 18-ஐத் தொட்டது. அதைக் கண்டு மகிழ வேண்டியதில்லை. அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான பொதுத் தேர்வான எஸ்.ஏ.டி.யின் மதிப்பெண்ணை மீண்டும் கட்டாயமாக்கிய ஆண்டு அது. விண்ணப்பங்கள் 5,048 ஆகக் குறைந்தன, இடம் பெற்றவர்களோ 906 பேர், ஏறக்குறைய முன்பிருந்த அளவுதான். மேலே உள்ள எண் அசையாமல் கீழே உள்ள எண் சுருங்கியதால் கூடிய விகிதம் அது.

இரண்டு சுற்றுகளிலும் ஒரே தரத்து மாணவர்கள் நிற்கிறார்கள் என்றால் மட்டுமே பதினான்கையும் நான்கையும் நேராக ஒப்பிட முடியும், ஆனால் அப்படி இல்லை. பல்கலைக்கழக அணிகளுக்காகப் பயிற்சியாளர்கள் முன்பே தேர்ந்து வைத்திருக்கும் விளையாட்டு வீரர்களில் பெரும்பாலோர் முதல் சுற்றில்தான் வருகிறார்கள். 2018-இல் பாஸ்டன் நீதிமன்றத்தில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மாணவர் சேர்க்கை குறித்து நடந்த வழக்கில் வெளியான ஆவணங்களின்படி, அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்ட வீரர்களில் நூற்றுக்கு 86 பேருக்கு இடம் கிடைத்திருந்தது. முன்னாள் மாணவர்களின் பிள்ளைகளும், ஆண்டுக்கணக்கில் இதற்காகவே தயார் செய்யப்பட்ட செல்வந்தப் பள்ளி மாணவர்களும் இதே வரிசையில் நிற்கிறார்கள். பிரவுனின் 898 பேரில் 200 பேர் வீரர்கள் என்று என் கணக்குக்காக வைத்துக்கொண்டால், மீதமுள்ளவர்களின் விகிதம் பன்னிரண்டுக்குக் கீழே இறங்குகிறது. இன்னொரு 100 பேரை மற்ற சலுகைகளுக்காகக் கழித்தால் பத்துக்கு அருகே வந்துவிடுகிறது. இந்த 200-உம் 100-உம் என் அனுமானங்கள்தான், எனினும் எண் எந்தத் திசையில் நகரும் என்பதில் ஐயமில்லை.

யேல் பல்கலைக்கழகத்தின் எண்கள் இதை இன்னும் தெளிவாக்கின. அங்கும் முன்கூட்டிய சுற்று உண்டு, ஆனால் இடம் கிடைத்தால் சேர்ந்தே தீர வேண்டும் என்ற ஒப்பந்தம் இல்லை. 2024-இல் சேர்ந்த வகுப்புக்கு அந்தச் சுற்றில் 7,856 பேரில் 709 பேருக்கு, அதாவது நூற்றுக்கு ஒன்பது பேருக்கு இடம் கிடைத்தது. மற்றவர்களுக்கு ஏறக்குறைய மூன்று. மாணவர் எந்த வாக்குறுதியும் தராத இடத்திலும் அதே மூன்று மடங்கு இருக்கிறது என்றால், பிரவுனில் தெரியும் இடைவெளியிலும் பெரும்பகுதி வரிசையில் நிற்பவர்களின் தரத்தாலும் தகுதியாலும் வருவது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

எர்லியால் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. பொருளியலாளர் கிறிஸ்டோபர் ஏவரியும் அவருடைய சக ஆய்வாளர்களும் 14 முன்னணிக் கல்லூரிகளின் விண்ணப்பப் பதிவுகளை ஆராய்ந்து, ஒரே தகுதியுள்ள இரு மாணவர்களில் முன்கூட்டி விண்ணப்பித்தவருக்குக் கிடைக்கும் அனுகூலம் எஸ்.ஏ.டி.யில் கூடுதலாக 100 மதிப்பெண் பெற்றதற்குச் சமம் என்று 2003-இல் எழுதினார்கள். ஆகவே ஒரு தள்ளு நிச்சயம் இருக்கிறது. ஆனால் அந்த ஆய்வு 1990-களின் தரவுகளைக் கொண்டது. அந்தத் தள்ளு இந்தியாவிலிருந்து விண்ணப்பிக்கும் ஒரு மாணவிக்கு இன்று எவ்வளவு பொருந்தும் என்பதுதான் எங்கள் கேள்வி. வெளிநாட்டு மாணவர்களின் நிலையைத் தனியாக வெளியிடும் எம்.ஐ.டி. என்னும் அமெரிக்கத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் எண்கள் கடுமையானவை: 2024-இல் 28,232 பேரில் 1,284 பேருக்கு, அதாவது நூற்றுக்கு 4.5 பேருக்கு இடம் கிடைத்தபோது, வெளிநாட்டவர்க்கு அந்த விகிதம் ஏறத்தாழ 2 மட்டுமே.

இனி அந்தப் பெண்ணின் பக்கம் வருகிறேன். கொச்சிக்குப் போய் எழுதிய எஸ்.ஏ.டி.யில் அவள் பெற்றது 1480. பிரவுனில் இடம் பெறுபவர்களில் பெரும்பாலோர் 1500-ஐத் தாண்டியவர்கள் என்பதால் இது குறைவுதான், எனினும் கதவை அடைத்துவிடும் குறைவு அல்ல. நம் கேரளப் பாடத்திட்டம் அவளுக்கு இங்கே பெரிதும் உதவுகிறது. சி.பி.எஸ்.இ.யில் பதினொன்றாம் வகுப்புத் தேர்வு பள்ளி தானே நடத்துவது. இங்கோ ப்ளஸ் ஒன் பொதுத்தேர்வு. ஆகவே நவம்பரில் விண்ணப்பிக்கும்போதே, பள்ளியின் உத்தேச மதிப்பெண்களை மட்டும் நம்பியிராமல், அரசு நடத்திய தேர்வின் முடிவைக் கையில் வைத்துக் காட்ட முடிகிறது. அவளுக்கு எல்லாப் பாடங்களிலும் ஏ பிளஸ்.

அதைவிட நான் பெரிதாக நினைப்பது அவளுடைய கிணற்று நோட்டு. மழை வளத்துக்குப் பெயர் பெற்ற கேரளத்தில் சித்தூர் வட்டத்தின் இந்தக் கிழக்குப் பகுதி மழை மறைவில் கிடக்கிறது. கரிசல் மண்ணும், ஆளியாற்றுத் தண்ணீரை எதிர்பார்க்கும் வயலும், ஆழ்துளைக் கிணறுமாக வாழும் ஊர்கள் இவை. அவள் எட்டாம் வகுப்பிலிருந்து தன் ஊரின் இருபத்திரண்டு கிணறுகளின் நீர்மட்டத்தை மாதந்தோறும் கயிறு விட்டு அளந்து எழுதி வருகிறாள். எந்தக் கிணறு எந்த மாதம் வற்றியது, பக்கத்தில் எப்போது போர் போட்டார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. நான்கு ஆண்டுகள் ஒருவரும் கேட்காமல் செய்த வேலை அது. தேர்வுக் குழுவில் அதைப் படிப்பவர், சான்றிதழுக்காகச் செய்ததல்ல என்பதை ஒரே பக்கத்தில் உணர்ந்துகொள்வார் என்று நம்புகிறேன்.

எனக்கு அதிக நேரம் பிடித்தது பணத்தைப் பற்றிய யோசனைதான். எர்லி டிசிஷனில் மாணவியும் பெற்றோரும் பள்ளியும் கையெழுத்திட வேண்டும். இடம் கிடைத்தால் மற்ற விண்ணப்பங்களைத் திரும்பப் பெற வேண்டும். வேறு இடம் எவ்வளவு உதவித்தொகை தரும் என்று ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. வசதியுள்ளவர்களுக்கே இது சாதகம் என்று சொல்லித்தான் ஹார்வர்டும் பிரின்ஸ்டனும் 2006-இல் தங்கள் முன்கூட்டிய சுற்றுகளைக் கைவிட்டன, பின்னர் 2011-இல் மீண்டும் கொண்டுவந்தன. பிரவுனில் ஆண்டுக்கு 90,000 டாலருக்கு மேல் ஆகும், நம் பணத்தில் ஏறத்தாழ 80 லட்சம். அந்தத் தென்னந்தோப்பை விற்றாலும் நான்கு ஆண்டுக்குப் போதாது.

ஆயினும் 2025-இல் சேர்ந்த வகுப்பிலிருந்து, வெளிநாட்டு மாணவர் உதவி கேட்கிறாரா என்பதைத் தேர்வின்போது பார்ப்பதில்லை என்று பிரவுன் முடிவெடுத்திருக்கிறது. சேர்ப்பவர்க்குத் தேவையான உதவி முழுவதையும் தருவதாகவும் சொல்கிறது. உதவி போதாதெனில் ஒப்பந்தத்திலிருந்து விலகவும் இடமுண்டு. இந்த மாற்றம் இல்லாமல் இருந்திருந்தால், கையெழுத்திட வேண்டாம் என்றே நான் சொல்லியிருப்பேன். அந்தத் 'தேவை' எவ்வளவு என்பதைக் கணக்கிடுவது பல்கலைக்கழகம் என்பதையும் தந்தையிடம் விளக்கினேன். விவசாய வருமானத்துக்கு வரி இல்லாததால் அவரிடம் வருமான வரிக் கணக்கு எதுவும் இல்லை. காகிதத்தில் நிலத்தின் மதிப்பு பெரிது, தேங்காய் தரும் வருமானம் சிறிது. ஆகவே அரசுச் சேவைகளுக்கான அக்ஷயா மையத்தில் விண்ணப்பித்து வில்லேஜ் ஆபீசரின் வருமானச் சான்றை வாங்கி, மூன்று ஆண்டுகளின் தேங்காய் விற்பனைச் சீட்டுகளையும் தேடி எடுத்து, எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் ஒரு கடிதமாக விளக்கி எழுதினோம். அதற்கே பத்து நாள் ஆனது.

முன்பு கழித்து வந்த பத்தை, எம்.ஐ.டி.யில் கண்டதுபோல வெளிநாட்டவர்க்காக ஏறக்குறைய பாதியாக்கி, கடைசியில் தந்தையிடம் நான் சொன்ன எண் ஐந்து. நூற்றுக்கு ஐந்து என்று வைத்துக்கொள்ளுங்கள், வழக்கமான சுற்றில் அது இரண்டாக இருக்கும் என்றேன். அவர் முகம் வாடியதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருந்தது, ஆனாலும் பதினான்கு என்று சொல்லி அனுப்ப என்னால் முடியவில்லை. அவள்தான், "ரெண்டைவிட அஞ்சு கூடத்தானே சார், போட்டுடலாம்" என்றாள்.

அக்டோபர் 29-ஆம் தேதி விண்ணப்பத்தை அனுப்பிவிட்டோம். டிசம்பர் நடுவில் முடிவு வரும். அது ஏற்பாகவோ மறுப்பாகவோ இருக்கலாம், வழக்கமான சுற்றுக்குத் தள்ளிவைத்ததாகவும் இருக்கலாம். மற்ற பல்கலைக்கழகங்களுக்கான கடைசித் தேதிகள் பெரும்பாலும் ஜனவரி முதல் வாரத்தில் முடிந்துவிடுகின்றன. இடையில் உள்ள நாட்களில் கிறிஸ்துமஸ் விடுமுறைக்காகப் பள்ளி பூட்டியிருக்கும் என்பதால், மீதி ஆறு இடங்களுக்கான கட்டுரைகளை அவள் இப்போதே எழுதிக்கொண்டிருக்கிறாள், பிரின்சிபாலின் பரிந்துரைக் கடிதத்தையும் சென்ற வாரமே வாங்கி வைத்துவிட்டோம்.