டைல்ஸுக்குக் கீழே என்ன போகிறது?

தாம்பரம், சேலையூர் பக்கம் இருபத்தைந்து முப்பது வருடம் ஆன தனி வீடுகளில் ரீமாடலிங் என்றாலே முதலில் இடிபடுவது மாடி பாத்ரூம்தான். கீழே சீலிங்கில் ஈரத்திட்டு, உள்ளே துருப்பிடித்த ஜிஐ பைப். கான்ட்ராக்டர் வந்து பார்த்துவிட்டு, "பாத்ரூம் வேலை, மெட்டீரியலோடு" என்று ஒரே வரியில் ஒரு தொகையை வாட்ஸ்அப்பில் அனுப்புவார். பின்னால் வரும் சண்டைகளில் பாதி அந்த வரியில்தான் ஆரம்பிக்கும்.

இடிப்பது, இடிபாட்டை அள்ளுவது, பைப் லைன், வாட்டர்புரூஃபிங், டைல்ஸ், ஃபிட்டிங்ஸ் என்று பிரித்துக் கேளுங்கள். அளவையும் நீங்களே டேப் வைத்துப் பாருங்கள். 8×5 அடி பாத்ரூமுக்கு 7 அடி உயரம் டைல்ஸ் என்றால் சுவர் 182 சதுர அடி. கதவைக் கழித்தால் 165. தரை 40. வெட்டுச் சேதாரம் 10 சதவீதம் சேர்த்தாலும் 225 சொச்சம்தான். 260 என்று எழுதியிருந்தால் கணக்குக் கேளுங்கள், கோபித்துக்கொண்டால் வேறு ஆளைப் பாருங்கள். 18 சதவீத ஜிஎஸ்டி அந்தத் தொகைக்குள்ளேயா, தனியா என்பதும் எழுத்தில் வேண்டும். "பில் இல்லாம போட்டுக்கலாம் சார்" என்றால் வாரண்டியும் இல்லை என்று அர்த்தம்.

உடைத்த பழைய டைல்ஸையும் காரைக்கட்டியையும் மாடியிலிருந்து இறக்கக் கூலி ஆகும். அதனால் பல இடங்களில் அதையே சங்கன் பள்ளத்தில், அதாவது பைப் போக பாத்ரூம் தரையில் ஸ்லாபைத் தாழ்த்தி விட்ட குழியில் கொட்டி, மேலே கலவை போட்டு மூடிவிடுவார்கள். கூர்முனைகள் வாட்டர்புரூஃப் பூச்சைக் குத்திக் கிழிக்கும். கீழே சீலிங் மறுபடி ஊறும். பள்ளம் முழுக்கக் காலியாகி, ஸ்லாப் கண்ணுக்குத் தெரிந்த பிறகே பூச்சு.

முதல் கோட் நீளவாக்கில், அது காய்ந்ததும் இரண்டாவது குறுக்குவாக்கில். சுவரில் ஒரு அடி ஏற வேண்டும், ஷவர் பக்கம் ஆறடி. சுவரும் தரையும் சேரும் மூலையிலும் பைப் வெளியே வரும் இடத்திலும்தான் முதலில் கசியும். அங்கே கலவையால் உருட்டி மூடச் சொல்லுங்கள். காய்ந்ததும் தரையில் தண்ணீர் வெளியேறும் டிராப் வாயை அடைத்துத் தண்ணீர் நிறுத்தி, மட்டத்தைச் சுவரில் பென்சிலால் குறித்து, 48 மணி நேரம் விடுங்கள். மேஸ்திரி ஒரே ராத்திரி போதும் என்பார். போதாது. பென்சில் கோட்டை மட்டும் நம்பாமல் கீழே போய்ச் சீலிங்கையும் தொட்டுப் பாருங்கள். டைல்ஸ் பணம் அதற்கப்புறம்தான்.

புது சிபிவிசி (பிளாஸ்டிக் பைப்) லைனையும் முனைகளை மூடி, பம்ப்பில் பிரஷர் ஏற்றி, ராத்திரி முழுக்க கேஜ் இறங்குகிறதா என்று பார்த்த பிறகே சுவரைப் பூச விட வேண்டும்.

தரை வாட்டம் 80-க்கு 1. ஐந்தடிக்கு முக்கால் அங்குலம். ரசமட்டத்தைவிட ஒரு குவளைத் தண்ணீர் இதைச் சரியாகச் சொல்லிவிடும். பழைய டைல்ஸ் மேலேயே புதிது ஒட்டினால் செலவு மிச்சம்தான். ஆனால் தரை ஏறிவிடும், கதவு உரசும், தண்ணீர் ரூமுக்குள் வரும். விட்ரிஃபைட் டைல்ஸ் தண்ணீரை உறிஞ்சாது என்பதால் சிமென்ட் பால் பிடிக்காது, டைல் அட்ஹெசிவ்தான். ஒட்டிய பிறகு நாணயத்தால் தட்டுங்கள். டொக்கென்று காலிச் சத்தம் வந்தால் டைல்ஸ் இடுக்கில் கிரௌட் போட்டு அடைக்கும் முன்பே பெயர்த்து ஒட்டச் சொல்ல வேண்டும்.

ஹாலையும் கிச்சனையும் ஒன்றாக்கும் யோசனை இருந்தால், ஒன்பது அங்குலச் சுவரை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்க்காமல் தொட விடாதீர்கள், மேல்தளத்தின் பாரத்தை அது தாங்கிக்கொண்டிருக்கலாம். இதில் மேஸ்திரி அனுபவம் கணக்கில் சேராது.

அட்வான்ஸ் 20 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். கடைசி 10 சதவீதம், பாத்ரூம் புழக்கத்துக்கு வந்து ஒரு மாதம் கழித்து. அதே லாட் டைல்ஸில் ஒரு பெட்டியை எடுத்து வையுங்கள், அந்த ஷேடு பிறகு கிடைக்காது. சுவரை மூடும் முன் டேப்பை விரித்து வைத்து பைப் லைனைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நாளைக்குக் கீஸர் மாட்ட வருகிறவர் அதைப் பார்த்துவிட்டு டிரில் போடட்டும்.