சோற்றின் ஆவியும் மார்கழிப் பனியும்

அறந்தாங்கிப் பக்கத்து மார்கழிக் குளிர் என்று சொன்னால் ஊட்டிக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். காலை நாலரை மணிக்குக் கண்மாய்க்கரைக் காற்று காதுக்குள் புகும்போது குரங்குக் குல்லாவைத் தேடாத ஆள் எங்கள் ஊரில் கிடையாது. நான் ஆறு மாதம் ஏசியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவன். எனக்கே பல் தந்தியடித்தது.

நாலு வருஷமாகத் திருவாதிரைக்கு முந்தைய பத்து நாளும் ஊரில்தான் இருக்கிறேன். காரணம் பக்தி என்று சொல்லிக்கொண்டாலும், பாதிக் காரணம் பஜனை முடிந்ததும் கிடைக்கும் சுக்குக்காப்பி. அதை ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

பிள்ளையார் கோயிலிலிருந்து கிளம்புவோம். முன்னால் பெட்ரோமாக்ஸ் போய் இப்போது செல்போன் டார்ச். சேகண்டி யார் அடிப்பது என்று பையன்களுக்குள் தினமும் சண்டை. அதற்கென்று ஒரு நோட்டில் முறை எழுதி வைத்திருக்கிறார் சித்தப்பா. வாசல்களில் பெண்கள் கோலத்தை முடித்துச் சாணிப் பிள்ளையாரில் பூசணிப்பூவைச் செருகிக்கொண்டிருப்பார்கள். திருவெம்பாவை இருபது பாட்டிலும் முதல் சில பாட்டு, தூங்குகிறவளை வாசலில் நின்று கேலி பேசி எழுப்புவதுதானே? எங்கள் கோஷ்டிக்கு அது வசதியாகப் போயிற்று. எவன் வரவில்லையோ அவன் வீட்டு முன்னால் நின்று அந்தப் பாட்டை இரண்டு தடவை பாடுவோம். மூன்றாவது தடவை பாட நேர்ந்ததில்லை. அவன் அம்மாவே போர்வையை உருவி அனுப்பிவிடுவாள்.

சுற்றி வந்ததும் திடலில் பனையோலையும் தென்னமட்டையும் போட்டுக் குளிர்காய்வோம். பிரசாதம் வீட்டுக்கு ஒரு நாள் முறை. ஒரு நாள் வெண்பொங்கல், ஒரு நாள் சுண்டல், பூவரச இலையில் சூடாக. அந்த அரை மணி நேரத்தில் யூரியா தட்டுப்பாடு, கண்மாய் மடை, எந்த வீட்டில் பெண் பார்க்க வந்தார்கள் எல்லாம் பேசித் தீர்ந்துவிடும். ஆறு மணிக்கு மேல் யாரையும் பார்க்க முடியாது, அவரவர் வேலைக்குப் போய்விடுவார்கள்.

திருவாதிரை அன்று ஆவுடையார்கோயிலுக்கு நடை. ஒன்பது கிலோமீட்டர் இருக்கும். இருபது பேர் கிளம்பினோம். முட்டிவலி என்று அப்பத்தா மட்டும் வரவில்லை. இரண்டு பக்கமும் வயல். பால் பிடித்த கதிர்மேல் பனி இறங்கி, தொட்டால் வேட்டி நனைந்தது. மாணிக்கவாசகர் திருப்பள்ளியெழுச்சி பாடியது இந்தத் தலத்துக்குத்தான். பத்துப் பாட்டு. முதல் பாட்டிலேயே இந்த ஊரைத் ‘தண் வயல் சூழ்’ என்கிறார். அந்த ‘தண்’ணுக்குப் பொருள் எனக்கு உள்ளங்காலில் தெரிந்தது, செருப்பை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தேன்.

பாண்டியனுக்குக் குதிரை வாங்க வந்த மந்திரியான மாணிக்கவாசகர், குருந்த மரத்தடியில் குருவைக் கண்டு குதிரைப் பணத்தைக் கோயிலுக்குச் செலவழித்த இடம் இது. திருப்பெருந்துறை என்பது பழைய பெயர். மற்ற சிவன் கோயில் பழக்கத்தில் உள்ளே போனால் குழம்பிப்போவீர்கள். கொடிமரம் இல்லை, நந்தி இல்லை, சன்னிதி தெற்குப் பார்த்தது. கருவறையில் ஆவுடையார் என்கிற பீடம் மட்டும்தான், மேலே லிங்க பாணம் கிடையாது. ஆத்மநாதர் என்று பெயர் வைத்துவிட்டு உருவத்தை எங்கே காட்டுவது? அம்பாள் யோகாம்பாளுக்கும் பாதங்கள்தான்.

கூரை விளிம்பில் வளைந்து நீளும் கொடுங்கையைப் பார்க்கத் தலையை நிமிர்த்தினால் கழுத்து வலிக்கும்வரை இறக்க முடியாது. கல்லில் மரச்சட்டம், கல்லில் கம்பி, அதற்குக் கல்லிலேயே ஆணிக் கொண்டை. தாரமங்கலத்துத் தூண், திருவலஞ்சுழிக் கல்ஜன்னலான பலகணி, ஆவுடையார்கோயில் கொடுங்கை ‘நீங்கலாக’ எந்த வேலையும் செய்கிறோம் என்று அந்தக் காலத்துச் சிற்பிகள் ஒப்பந்தம் எழுதுவார்களாம். பையன்கள் ஆணிகளை எண்ண ஆரம்பித்து ஆளுக்கொரு கணக்கு சொன்னார்கள்.

ஆனால் நான் வருஷாவருஷம் போவது கொடுங்கைக்காக இல்லை, சோற்றுக்காக. புழுங்கலரிசிச் சோற்றை வடித்துச் சுடச்சுடக் கொண்டுவந்து, கருவறைக்கு எதிரே உள்ள படைகல்லில் கொட்டிப் பரப்புகிறார்கள். சாமிக்கு நிவேதனம் அந்த ஆவிதான். கூடவே கீரையும் பாகற்காயும். இறைவன் வாத்தியாராக வந்து இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி, வீடுகளில் போட்ட சோற்றையும் கீரையையும் பாகற்காயையும் சாப்பிட்டார் என்பது தலபுராணக் கதை. எங்கள் பஜனைச் சுண்டல் மாதிரியே அவருக்கும் வீட்டு முறைச் சோறுதான் போலிருக்கிறது.

சோற்றைக் கொட்டியதும் வெள்ளையாக ஒரு திரை எழுந்தது. விளக்கு மங்கி, பிறகு தெளிந்தது. வடித்த சோற்றின் வாசனை, கஞ்சி மணம் கலந்தது, மண்டபத்துக் குளிருக்குள் நடந்து வந்து எங்கள் முகத்தில் பட்டது. கற்பூர வாசனையில் கண்ணை மூடிப் பழகியவன் நான். இங்கே பசித்தது. பக்கத்தில் நின்ற சித்தப்பா காதோரம், “நெல்லு போட்டவனுக்கு இதைவிட என்னடா வேணும்” என்றார். இந்த வருஷம் அவர் வயலில் பாதி மழைவெள்ளத்தில் போயிருந்தது. அதைப் பற்றி அவர் வேறு ஒன்றும் பேசவில்லை.

திருவாதிரைக்கு இங்கே மாணிக்கவாசகருக்குத்தான் விழா. கூட்டத்தில் அவரைத் தூரத்திலிருந்தே கும்பிட்டுவிட்டு, திரும்ப மினிபஸ் பிடித்தோம். நடக்க ஒருத்தருக்கும் தெம்பில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பத்தா கேட்டது சாமியை இல்லை.

“சோத்தைக் கொட்டையிலே நின்னியாய்யா?”

“நின்னேன் அப்பத்தா. முன்னாடியே நின்னேன்.”

“வாசம் வந்துச்சா?”

“வந்துச்சு.”

அடுப்படியில் அவளும் அப்போதுதான் வடித்து நிமிர்த்தியிருந்தாள். களியும் ஏழுகறிக் கூட்டும் இலையின் ஓரத்தில் வைத்து, நடுவில் சோற்றைக் கொட்டி அகப்பையால் பரப்பிவிட்டாள். ஆவி எழுந்து என் கண்ணாடியை மூடியது. நான் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

“என்ன வேடிக்கை? ஆறிப்போகுதுல்ல, தின்னு” என்றாள்.