இரண்டாம் நிக்கோலசும் ஓர் எழுத்துப்பிழையும்

அப்பாவிடம் ஒரு தகரப்பெட்டி நிறைய ஜார்ஜ் மன்னர் காலத்து வெள்ளி ரூபாய்கள் உண்டு. நான் வேலைக்காகப் பீட்டர்ஸ்பர்க் போனதும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அங்க ராஜா காசு கிடைக்குமாடா?"

கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய சமோவார், சோவியத் பதக்கம், ஒற்றைக்கால் செருப்பு இவற்றுக்கு நடுவே ஒரு தாத்தா கறுப்புத் துணியில் காசுகளைப் பரப்பியிருந்தார். ரஷ்யாவின் கடைசி மன்னர் இரண்டாம் நிக்கோலஸ் தலை போட்ட ஒரு ரூபிள், 1898. நம் பழைய வெள்ளி ரூபாயைவிடப் பெரியது. ஐயாயிரம் ரூபிள் என்றார். நான் போவது போலப் போய்த் திரும்பி வந்து, மறுபடி போய், இரண்டாயிரத்து ஐநூறுக்கு முடித்தேன். பேரம் அத்தனை சுலபமாகப் படிந்தபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பெருமைதான் பட்டேன்.

அறைக்கு வந்து விளிம்பை எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'சுத்த வெள்ளி 4 சொலோத்னிக் 21 தோல்யா'. தோல்யாவை நம் தோலா என்று நினைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். தோலா 11.66 கிராம், இருபத்தொன்றுக்குக் கால் கிலோ வெள்ளி! உள்ளங்கையில் இருந்த காசைப் பார்த்த பிறகுதான் புத்தி வந்தது. இரண்டும் பழைய ரஷ்ய எடைகள்; ஒரு சொலோத்னிக்கில் 96 தோல்யா. எல்லாம் சேர்த்து 18 கிராம் வெள்ளிதான், செம்பு கலந்து மொத்த எடை 20 கிராம். சமையலறைத் தராசு 17 காட்டியது. நூறு வருஷத் தேய்மானம் என்று நானே அதற்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். காந்தத்திலும் ஒட்டவில்லை. அப்புறம் என்ன?

படம் அனுப்பினேன். "ஏண்டா, இது நம்ம ஜார்ஜ்தானே? கிரீடத்தை எங்க வச்சார்?" என்றார் அப்பா. அவர் மேல் தப்பில்லை. ஐந்தாம் ஜார்ஜின் தாயும் நிக்கோலசின் தாயும் டென்மார்க் அரண்மனையில் பிறந்த அக்கா தங்கை. பிள்ளைகள் இருவருக்கும் அதே தாடி, அதே மீசை.

ஊருக்குக் கிளம்பும் வாரத்தில்தான் வயிற்றில் புளி கரைந்தது. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பொருளை ரஷ்யாவிலிருந்து அனுமதி இல்லாமல் கொண்டுபோகக் கூடாதாம். ஒரு காசுக்காக ஜெயிலுக்குப் போவதா? கடப்பிதழ், நகல்கள் சகிதம் மதிப்பீட்டாளர் அம்மையார் முன்னால் போய் நின்றேன்.

அவர் நிக்கோலசின் முகத்தைப் பார்க்கவே இல்லை. விளிம்பை மட்டும் கண்ணாடி வைத்துச் சுற்றினார். சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

"தம்பி, 'சுத்த' என்ற சொல்லில் 'அ' வர வேண்டிய இடத்தில் 'ஓ' இருக்கிறது. இப்படி எழுதுவது 1918 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகுதான்."

ராஜராஜன் கல்வெட்டில் 1978-க்குப் பிறகு வந்த 'லை' இருந்தால் எப்படியோ, அப்படி. போலி செய்த ஆள் பள்ளிக்கூடத்தில் கற்ற இலக்கணத்தை மறக்காமல் எழுதியிருக்கிறான். மனம் விட்டுப்போய் உட்கார்ந்திருந்த எனக்கு அந்த அம்மாள் பாடமே எடுத்துவிட்டார். அந்தக் காலத்தில் பீட்டர்ஸ்பர்க்கில் மட்டுமில்லாமல் பாரிஸிலும் பிரஸ்ஸல்ஸிலும்கூட ரூபிள் அடித்தார்களாம். விளிம்பில் ஒரு நட்சத்திரம் இருந்தால் பாரிஸ், இரண்டு என்றால் பிரஸ்ஸல்ஸ். "உங்களுடையது இந்த மூன்று ஊரிலும் அடித்ததில்லை" என்று சொல்லிவிட்டு, 'நினைவுப்பொருள், பண்பாட்டு மதிப்பு இல்லை' என்று எழுதி முத்திரை குத்தினார். நான் ஏமாந்ததற்கு அரசாங்கச் சான்றிதழ்! விமான நிலையத்தில் அதைப் படித்த சுங்க அதிகாரி என் தோளில் தட்டி அனுப்பினார்.

வீட்டில் வாயைத் திறக்கவில்லை. அப்பா காசைக் கட்டைவிரலில் வைத்துச் சுண்டினார். 'டொக்'.

என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பெட்டியைத் திறந்து ஜார்ஜ் பக்கத்தில் வைத்தார்.

"சரி, எவ்வளவு கொடுத்த?"

"ஐநூறுப்பா."